ட்ரிப் பிளான் ஏன் ஊத்திக்குது? 1851 லண்டன் சொல்ற கதை

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். குரூப் பேரு 'மும்பை கன்ஃபார்ம்'. காலேஜ்ல ஒண்ணா படிச்ச ஏழு பேர் இருக்கோம். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலேர்ந்து கிளம்பி, மூணு நாள் மும்பையைச் சுத்திட்டுத் திரும்பணும். இவ்வளவுதான் பிளான். குரூப் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் தாதர் ஸ்டேஷன்ல ஒருத்தர் கால் கூடப் படல.

ஃப்ளைட்டா ட்ரெய்னா, ஹோட்டலா ஹாஸ்டலா, யாருக்கு எப்போ லீவு கிடைக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு போல் போட்டோம். நான் இன்ஜினியர் ஆச்சே, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் கூடப் போட்டேன். ஃப்ளைட், அந்தேரி பக்கம் ஒரு நல்ல ஹோட்டல், டாக்ஸி எல்லாம் சேர்த்து ஒரு தொகை வந்துச்சு. குரூப்ல போட்டதும் ஆறு பேர் தம்ஸ் அப் போட்டாங்க. ஒருத்தன் மட்டும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு, "வீட்ல கொஞ்சம் வேலைடா, நீங்க போயிட்டு வாங்க"னு ஒரு மெசேஜ். அதோட பேச்சும் நின்னு போச்சு. அவன் ஏன் அப்படிச் சொன்னான்னு கடைசியில சொல்றேன்.

குரூப் ட்ரிப்னு ஒரு விஷயத்தை யார்தான் ஆரம்பிச்சு வெச்சாங்கன்னு தேடப் போய்தான் இந்தக் கதை கிடைச்சது. கதை நடக்குற வருஷம் 1851. ஊர் லண்டன். போனவங்களும் பெரிய பணக்காரங்க இல்ல. அதுல நிறைய பேர் மில் தொழிலாளிங்க, தச்சர்கள், பண்ணைக் கூலிங்க. அவங்கள்ல பல பேருக்கு அதுதான் வாழ்க்கையில முதல் ரயில் பயணம்.

கண்ணாடி மாளிகையும் ஒரு ஷில்லிங்கும்

1851 மே 1. லண்டன் ஹைட் பார்க்ல 'கிரேட் எக்ஸிபிஷன்' திறக்குறாங்க. உலகம் முழுக்க இருக்கிற மெஷின், துணி, நகை, கைவினைப் பொருள் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வைக்கிற கண்காட்சி. அந்தக் கூரையே ஒரு அதிசயம். இரும்பும் கண்ணாடியும் வெச்சுக் கட்டின, 1,848 அடி நீளமான கட்டடம். 'கிரிஸ்டல் பேலஸ்'னு பேர் வந்துச்சு. டிசைன் பண்ண ஜோசப் பாக்ஸ்டன் ஒரு தோட்டக்காரர். பெரிய கண்ணாடிச் செடி வீடுகள் கட்டிக் கட்டி அந்த வித்தையைக் கத்துக்கிட்டவர். இந்தக் கட்டடத்தோட முதல் வரைபடத்தை ஒரு ரயில்வே கம்பெனி மீட்டிங்ல உட்கார்ந்து, மை ஒத்துற தாள்ல கிறுக்கினார். அந்தத் தாள் இன்னும் பத்திரமா இருக்கு. ரயில்வே மீட்டிங்ல அவருக்கு என்ன வேலைன்னு கேட்டா, அவர் மிட்லண்ட் ரயில்வேயோட டைரக்டர்ல ஒருத்தர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் வேற. முதல் நாள் சீசன் டிக்கெட் வெச்சிருந்தவங்களுக்கு மட்டும். ஆம்பளைக்கு மூணு கினி, பொம்பளைக்கு ரெண்டு. அடுத்த ரெண்டு நாள் ஒரு பவுண்டு. அப்புறம் சில வாரம் அஞ்சு ஷில்லிங். மே 26-லேர்ந்து திங்கள் முதல் வியாழன் வரைக்கும் ஒரே ஒரு ஷில்லிங்.

ஒரு பவுண்டுன்னா 20 ஷில்லிங். தென் இங்கிலாந்துப் பண்ணைக் கூலிக்கு அப்போ வாரச் சம்பளமே எட்டு, ஒன்பது ஷில்லிங்தான். அதாவது, முதல் வாரத்து டிக்கெட் ஒண்ணு அவரோட ரெண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல. ஷில்லிங் நாள் டிக்கெட் ஒரு நாள் கூலிக்கும் கொஞ்சம் கம்மி. இந்த ஒரு முடிவுதான் கதவைத் திறந்து விட்டுச்சு.

"அவங்க வந்தா என்ன ஆகும்?"

கதவைத் திறக்கிறது சுலபமா நடக்கல. மூணு வருஷம் முன்னாடி, 1848-ல, ஐரோப்பா முழுக்கப் புரட்சி. பாரீஸ்ல ராஜாவே நாட்டை விட்டு ஓடினார். லண்டன்லயும் அந்த ஏப்ரல் 10-ம் தேதி, எல்லா ஆம்பளைங்களுக்கும் ஓட்டு வேணும்னு கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் கென்னிங்டன் திடல்ல பெரிய கூட்டம் போட்டாங்க. கலவரம் ஒண்ணும் நடக்கல. ஆனா அரசாங்கம் எவ்வளவு பயந்துச்சுன்னா, விக்டோரியா ராணியைக் குடும்பத்தோட வைட் தீவுக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. நெப்போலியனைத் தோற்கடிச்ச வெலிங்டன் பிரபு தான் நகரப் பாதுகாப்பைத் திட்டமிட்டார்.

இப்போ அதே தொழிலாளிங்களை, ஆயிரக்கணக்குல, தலைநகரத்துக்கு நடுவுல கூப்பிடுறோம். அதுவும் கண்ணாடியில கட்டின கட்டடத்துக்குள்ள! கல்லெறிஞ்சா என்ன ஆகும், நோய் பரவுமா, திருட்டு நடக்குமா, திரும்பிப் போகாம இங்கேயே தங்கிட்டா என்ன பண்றதுன்னு பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் கேட்டுட்டே இருந்தாங்க.

தொழிலாளிங்க வந்து போறதுக்கு ஏற்பாடு பண்ண ஒரு கமிட்டி அமைஞ்சுது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதுல இருந்தார். சார்ட்டிஸ்ட் தலைவர்களும் இருந்தாங்க. ஆனா கண்காட்சியை நடத்தின அரச ஆணையம் அந்தக் கமிட்டிக்கு அதிகாரப்பூர்வ அங்கீகாரம் கொடுக்கல. 1850-லேயே அது கலைஞ்சுது. ஆக, "வாங்க, ஆனா எப்படி வரணும்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்பதுதான் மேலிடத்து நிலை.

அந்த வேலையைக் கையில எடுத்தவங்கள்ல ஒருத்தர் லெஸ்டர் ஊர்க்காரர். பேரு தாமஸ் குக்.

ஏற்கெனவே ஒரு ட்ரிப்பை சொதப்பினவர்

ஆமா, அதே தாமஸ் குக்தான், பிற்காலத்துல டிராவல் கம்பெனி பேராகிப் போனவர். மரச்சாமான் செய்யுற தொழில், பாப்டிஸ்ட் சபையில பிரசங்கம், கூடவே மதுவிலக்குப் பிரசாரம். 1841 ஜூலை 5-ம் தேதி, மதுவிலக்குக் கூட்டம் ஒண்ணுக்காக லெஸ்டர்லேர்ந்து லஃபரோ வரைக்கும் சுமார் 500 பேரை ஒரு ஸ்பெஷல் ட்ரெய்ன்ல கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். ரயில் ரெண்டு ஊரையும் சேர்த்திருக்கு, ட்ரெய்ன் முழுக்க ஆள் சேர்த்தா கம்பெனியும் விலையைக் குறைக்கும், பிறகு எதுக்கு நடக்கணும்? இவ்வளவுதான் அவரோட யோசனை. குரூப் டிஸ்கவுண்ட்! குடிக்காம இருக்கிறதுக்காக ஆரம்பிச்ச குரூப் ட்ரிப் இன்னைக்கு எங்க வந்து நிக்குதுன்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா குக்கை எடுத்தவுடனே ஹீரோ ஆக்கிட வேண்டாம். 1846-ல ஒரு 350 பேரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிட்டுப் போனார். ட்ரெய்ன்ல கழிப்பறை கிடையாது. வழியில டீ கிடைக்கும்னு சொன்ன இடத்துல டீ இல்ல. பாதி வழி கப்பல்ல போகணும். அதுல எல்லாருக்கும் கேபின் பத்தாம, நிறைய பேர் ராத்திரி முழுக்க மேல்தளத்துல நனைஞ்சுட்டே போனாங்க. அந்தக் காலக்கட்டத்துல அவர் திவாலும் ஆனார். 'நான் எல்லாத்தையும் பார்த்துக்கிறேன்டா'னு சொல்லிட்டு எல்லார்கிட்டயும் திட்டு வாங்குற நண்பன் உங்க குரூப்லயும் இருப்பான். 1846-ல அது குக்.

அதுலேர்ந்து அவர் கத்துக்கிட்டது என்னன்னா, ட்ரிப்னா டிக்கெட் எடுக்கிறது மட்டும் இல்ல. சாப்பாடு, தூக்கம், கழிப்பறை எல்லாமே ட்ரிப்தான்.

1850-ல அமெரிக்காவுக்கு டூர் நடத்துற யோசனையோட லிவர்பூல் கிளம்பினவர், டெர்பியில ரெண்டு பேரைச் சந்திச்சார். ஒருத்தர் மிட்லண்ட் ரயில்வே சேர்மன் ஜான் எல்லிஸ். இன்னொருத்தர் நம்ம பாக்ஸ்டன். கட்டடத்தை டிசைன் பண்ணவரே அந்தக் கட்டடத்துக்கு ஆள் ஏத்திட்டு வர்ற ரயில் கம்பெனியிலயும் இருக்கார்! "அமெரிக்கா அப்புறம் போகலாம், முதல்ல நம்ம ஆளுங்களை லண்டன் கூட்டிட்டு வாங்க"னு அவங்க பேசி, குக்கை ஒத்துக்க வெச்சாங்க.

வாரம் கொஞ்சம், வருஷம் ஒரு ட்ரிப்

இந்த எபிசோடோட முக்கியமான பகுதி இதுதான். லீட்ஸ், பிராட்ஃபோர்ட் மாதிரி வடக்கு ஊர்கள்லேர்ந்து லண்டன் போய் வர முதல்ல பேசின டிக்கெட் விலை 15 ஷில்லிங். பண்ணைக் கூலிக்கு அது ஏறக்குறைய ரெண்டு வாரச் சம்பளம். மில் தொழிலாளி கொஞ்சம் கூடுதலா வாங்குவார். இருந்தாலும், மொத்தமா எடுத்து வைக்கிற தொகை இல்ல. குடும்பம் சாப்பிடணுமே.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, எக்ஸிபிஷன் கிளப். ஊர் ஊரா, மில் மில்லா, தொழிலாளர் படிப்பகங்கள்ல இந்த கிளப் ஆரம்பிச்சாங்க. கண்காட்சிக்கு மாசக்கணக்குல முன்னாடியே சேர்ந்து, வாரா வாரம் சம்பள நாள்ல ஒரு சின்னத் தொகை கட்டணும். போற நேரம் வரும்போது ரயில் டிக்கெட்டுக்கும் தங்குறதுக்கும் பணம் ரெடியா இருக்கும். நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு ஞாபகம் வருதா? கிட்டத்தட்ட அதேதான். பட்டாசுக்கும் ஸ்வீட் பாக்ஸுக்கும் பதிலா லண்டன்.

குக்கும் அவரோட 17 வயசுப் பையன் ஜான் மேசனும் மிட்லண்ட்ஸ், யார்க்‌ஷர் ஊர்கள்ல சுத்தி ஆள் சேர்த்தாங்க, கிளப் ஆரம்பிக்கச் சொன்னாங்க. இதுக்குன்னே குக் ஒரு பத்திரிகையும் ஆரம்பிச்சார். எந்த ட்ரெய்ன், எவ்வளவு, போனா என்ன பார்க்கலாம், எல்லாம் அதுல இருக்கும். நம்ம குரூப்ல பின் பண்ணி வைக்கிற மெசேஜ்தான் அது, அச்சுல.

இதுக்கு நடுவுல ஒரு அதிர்ஷ்டமும் அடிச்சது. லண்டனுக்குப் புதுசா லைன் திறந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே, மிட்லண்டோட விலைப் போட்டியில இறங்குச்சு. ஒருத்தர் குறைக்க இன்னொருத்தர் குறைக்க, லீட்ஸ்லேர்ந்து லண்டன் போய் வர அஞ்சு ஷில்லிங்குக்கு வந்து நின்னுச்சு. புது ஆப் வந்தப்போ டாக்ஸி ஓட்டுற கம்பெனிங்க போட்டி போட்டு விலை குறைச்சாங்களே, அதே கூத்து.

எங்க தங்குறது? லண்டன் பிம்லிகோ பகுதியில தொழிலாளிங்களுக்குன்னே ஒரு பெரிய விடுதி திறந்தாங்க. ஒரே ராத்திரியில ஆயிரம் பேர் வரைக்கும் படுக்கலாம். இன்னைக்கு டார்மிட்டரி புக் பண்றோமே, அதோட தாத்தா. தென் இங்கிலாந்துல சில கிராமங்கள்ல பாதிரியாரே முன்னாடி நடந்து, ஊர்ப் பண்ணையாளுங்களை வரிசையா கூட்டிட்டு வந்தார். சில முதலாளிங்க தொழிலாளிங்களுக்கு லீவும் கொடுத்து, செலவுல ஒரு பங்கும் கொடுத்தாங்க.

எந்தக் குரூப்லயும் சேராம வந்தவங்களும் உண்டு. கார்ன்வால் பென்சான்ஸ்லேர்ந்து மேரி காலினாக்னு எண்பது வயசைத் தாண்டின ஒரு மீன்காரப் பாட்டி, கிட்டத்தட்ட 300 மைல் நடந்தே லண்டன் வந்து சேர்ந்தாங்க. ராணியே அவங்களைப் பார்த்தாங்க.

கழிப்பறை இல்லாத டூர் டூரே இல்ல

கேட்டரிங்ல மது கிடையாது. அதுக்குப் பதிலா பத்து லட்சம் பாட்டிலுக்கு மேல சோடா, லெமனேட் வித்துச்சு. பன் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல.

இவ்வளவு குடிச்சா அடுத்து என்ன? அந்தக் கால லண்டன்ல வெளியில போற பொம்பளைங்களுக்குப் பொதுக் கழிப்பறைன்னு ஒண்ணு ஏறக்குறைய கிடையாது. அதனாலேயே ரொம்ப நேரம் வெளியில இருக்க முடியாது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ்னு ஒரு பிளம்பிங் இன்ஜினியர் கிரிஸ்டல் பேலஸ்ல ஃப்ளஷ் கழிப்பறை வெச்சார். ஒரு பென்னி கொடுத்தா போதும். கணக்குப் படி 8,27,280 பேர் காசு கொடுத்துப் போனாங்க. இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனா எங்க அம்மா இன்னைக்கும் பஸ்ல ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுப்பாங்க. யார் வெளியூர் போகலாம், யார் போக முடியாதுன்னு பாதி நேரம் முடிவு பண்றது டிக்கெட் விலை இல்ல, கழிப்பறைதான்.

கடைசியில என்ன ஆச்சு?

முதல் ஷில்லிங் நாள், மே 26. எக்ஸ்ட்ரா போலீஸ், காவல் எல்லாம் ரெடி. ஆனா பயந்த அளவுக்குக் கூட்டமே வரல! நெரிசலா இருக்கும்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க போல. அடுத்தடுத்த நாள்ல மெதுவா ஏறுச்சு. கடைசி வாரத்துல, அக்டோபர் 7-ம் தேதி ஒரே நாள்ல 1,09,915 பேர்.

கண்ணாடி உடையல. புரட்சி வரல. பிக்பாக்கெட், சில்லறைத் திருட்டு கூட விரல் விட்டு எண்ணுற அளவுதான் பதிவாச்சு. தொழிலாளிங்க டிபன் மூட்டையைப் பிரிச்சுச் சாப்பிட்டு, மெஷின்களைச் சுத்தி நின்னு, 'இது எப்படி ஓடுது'னு கேட்டுட்டு, ஒழுங்கா ட்ரெய்ன் ஏறிப் போனாங்க. 'பஞ்ச்' பத்திரிகையில ஒரு கார்ட்டூன் வந்துச்சு. ஒரு பவுண்டுக்காரங்களும் ஒரு ஷில்லிங்காரங்களும் கண்காட்சியில நேருக்கு நேர் சந்திக்கிற மாதிரி. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு தரப்பும் நிக்கிறதே அப்போ கார்ட்டூன் போடுற அளவுக்குப் புதுசு.

141 நாள்ல மொத்தம் அறுபது லட்சம் வருகை. குக் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல கூட்டிட்டு வந்தார்னு சொல்லப்படுது. லாபம் 1,86,000 பவுண்டு. அதுல சவுத் கென்சிங்டன்ல நிலம் வாங்கினாங்க. இன்னைக்கு லண்டன் போறவங்க பார்க்கிற விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், சயின்ஸ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் எல்லாம் அந்த இடத்துலதான் நிக்குது.

இதுல நம்ம பங்கு

ஒரு நிமிஷம். அந்தக் கூரைக்குக் கீழ நம்ம சாமான்களும் இருந்துச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு தனிப் பகுதியே வெச்சிருந்துச்சு. கோஹினூர் வைரம் அங்க ஒரு கூண்டுக்குள்ள இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி, பத்து வயசுப் பையனான மகாராஜா துலீப் சிங்கிட்ட லாகூர் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கி எடுத்தது. பார்க்க வந்த கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம், 'மின்னவே இல்லையே'னு.

திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பின தந்தச் சிம்மாசனமும் அங்க இருந்துச்சு. நிறைவு விழாவுல ஆல்பர்ட் இளவரசர் அதுல உட்கார்ந்துதான் நிகழ்ச்சியை முடிச்சு வெச்சார். இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற பகுதி அப்போ திருவிதாங்கூர்தான். நாகர்கோவில்காரங்க கட்டின வரியும் அந்த அரசாங்கத்துக்குத்தான் போச்சு. லீட்ஸ் தொழிலாளி காசு சேர்த்து லண்டனைப் பார்க்க வந்தது எனக்குப் பிடிச்ச கதை. அவர் அங்க வந்து பார்த்ததுல ஒரு பங்கு நம்மகிட்டேர்ந்து போனதுங்கிறதும் அதே கதைதான்.

இன்னொண்ணு. வாரா வாரம் கட்ட முடிஞ்சவங்களுக்குத்தான் கிளப். இன்னைக்கு வேலை உண்டு, நாளைக்கு இல்லைங்கிற கூலிக்கு ஒரு ஷில்லிங் கூட தூரம்தான். எல்லாருக்கும் கதவு திறந்துச்சுன்னு சொல்ல முடியாது. முன்னைவிட அகலமா திறந்துச்சு, அவ்வளவுதான்.

மறுபடியும் நம்ம குரூப்

தாமஸ் குக் பேர்ல இருந்த பிரிட்டிஷ் கம்பெனி 178 வருஷம் ஓடி, 2019 செப்டம்பர் 23-ம் தேதி ஒரே ராத்திரியில மூடிடுச்சு. வெளிநாட்டுல சிக்கியிருந்த பிரிட்டிஷ் பயணிங்க மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அரசாங்கம் விமானம் ஏற்பாடு பண்ணிக் கூட்டிட்டு வந்துச்சு. (நம்ம ஊர்ல இருக்கிற தாமஸ் குக் இந்தியா தனிக் கம்பெனி, அது மூடல.) 1851-ல லண்டனுக்குக் கூட்டிட்டு வந்ததா சொல்ற அதே ஒன்றரை லட்சம். கூட்டிட்டுப் போறவங்களுக்குத் திரும்பக் கூட்டிட்டு வர்ற பொறுப்பும் உண்டுன்னு அந்த எண் எனக்கு ஞாபகப்படுத்துது.

சரி, அந்த நண்பன் விஷயம். இந்த எபிசோடுக்குப் படிச்சிட்டு இருந்தப்போ ஒரு நாள் அவனுக்கு போன் பண்ணேன். ரொம்ப நேரம் வேற என்னென்னமோ பேசிட்டு, கடைசியில சொன்னான். தங்கச்சி காலேஜ் ஃபீஸ், வீட்டு லோன் ரெண்டும் அவன் தலையிலதான். "நீங்க ஆறு பேரும் தம்ஸ் அப் போட்டப்புறம் நான் எப்படிடா காசு இல்லைனு சொல்றது?"

எனக்குப் பதில் வரல. ஸ்ப்ரெட்ஷீட் போட்டது நான்தான். எல்லாருக்கும் சராசரியா எது தாங்கும்னு கணக்குப் பார்த்தேன். ஆனா எக்ஸிபிஷன் கிளப் கதையைப் படிச்சப்புறம் எனக்கு வந்த கேள்வி வேற: நம்மள்ல ரொம்பக் கம்மியா சம்பாதிக்கிறவனால வாரம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்? அங்கேர்ந்துதான் நான் டிக்கெட், தங்குமிடம், தேதி எல்லாம் பேசியிருக்கணும். அப்படிப் பேசியிருந்தா யாரும் மத்தவங்க முன்னாடி 'என்னால முடியாது'னு சொல்ல வேண்டிய நிலை வந்திருக்காது.

இப்போ எங்க குரூப்ல பழைய ஷீட்டை அழிச்சாச்சு. ஃப்ளைட் இல்ல, ஸ்லீப்பர்ல போறோம். ஒரு நாள் கூடுதல் லீவு போடணும், போடுறோம். ஹோட்டலுக்குப் பதிலா டார்மிட்டரி. மாசாமாசம் சம்பளம் வந்த அன்னைக்கு ஏழு பேரும் ஒரே தொகை போடுறோம். தொகையை முடிவு பண்ணது அவன்தான். கணக்கு வெச்சிருக்கிறதும் அவன்தான். என்னைவிட ஒழுங்கா வெச்சிருக்கான், போன மாசம் நான் ரெண்டு நாள் லேட் பண்ணதுக்கு குரூப்லயே திட்டினான்.

டிசம்பர்ல கிளம்புறோம். உங்க குரூப்ல 'வீட்ல வேலை'னு சொல்லிட்டு ஒதுங்கினவங்க யாராவது இருந்தா, குரூப்ல கேட்காதீங்க. தனியா ஒரு போன் பண்ணுங்க.